தம்பி உடம்பில் இரண்டு குடித்தனம்

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சட்டை தைக்கும் கம்பெனியில் கடைசி மேசை என்னுடையது. ஒரு நாளைக்கு நானூறு சட்டை என் கைக்கு வரும். காலர் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா, பட்டன் ஓட்டையில் நூல் தொங்குகிறதா, இடது கை வலது கையைவிட அரை விரல் நீளமா என்று பார்த்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். தையல் பெண்கள் எனக்கு 'ஸ்கேனர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்படிப்பட்ட என் கண்ணிலேயே மண்ணைத் தூவியவன் என் தம்பி. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமான மண். இரண்டு தடவை சலித்தது.

தம்பிக்குச் செடிப் பண்ணையில் வேலை. ஒட்டுக் கட்டுவான். ஒரு செடியின் அடித்தண்டைச் சீவி, இன்னொரு செடியின் குச்சியை அதில் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றிவிட்டால் ஒரு மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அவன் கட்டியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிடித்துக்கொள்ளும் என்று முதலாளியே சொல்வார். அதனால் பண்ணையில் அவனுக்குப் 'பசை' என்று பெயர். முப்பத்திரண்டு வயது. ஒல்லி. எதற்கும் சிரிப்பான். கோபப்படுவதற்கென்று நான் பிறந்ததால் குடும்பத்தில் அந்தப் பங்கு அவனுக்கு வரவில்லை போலிருக்கிறது.

கல்யாணமாகி ஐந்தாவது வருஷம் அவன் மனைவி உண்டானாள். ஏழாம் மாதம் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது என்று போன் வந்ததும் தம்பி கையில் இருந்த ஒட்டுக்கத்தியைக்கூட மடக்காமல் ஓடினான். வாசற்படியில் கால் வைத்ததும் இருமல் வந்தது. வந்தது என்றால், நின்றபாடில்லை. இரண்டு மாதமாக இருந்த இருமல்தான். புகை ஆகாது, பனி ஆகாது என்று அவனே காரணம் சொல்லிக்கொண்டிருந்தான். மாமியார் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, மரியாதை குறையாமல் சொன்னார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இருமல யார்கிட்டயாவது காட்டிட்டு வாங்க. அப்புறம் புள்ளயத் தூக்கிக்கலாம்."

அந்த அம்மாளை நான் அன்றைக்குத் திட்டாத திட்டு இல்லை. பத்தாம் நாள் சளிப் பரிசோதனைச் சீட்டு வந்தது. காசநோய். திட்டியதையெல்லாம் மென்று முழுங்கினேன்.

காசநோய் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு பெண். நிதானமாகப் பேசுவார். நல்லவேளை, மனைவி இரண்டு மாதம் முன்பே தள்ளிப் போயிருந்தாள். அவளையும் குழந்தையையும் பரிசோதித்து, குழந்தைக்கு வராமல் தடுக்கிற மருந்தைக் கொடுத்தார்கள். தம்பிக்கு ஆறு மாத மருந்து.

"தினம் நாலு மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது. சளியில கிருமி இல்லன்னு வர்ற வரைக்கும் குழந்தையத் தூக்க வேண்டாம்."

"எப்ப டாக்டர் அப்படி வரும்?"

"பெரும்பாலும் ரெண்டு மாசத்துல வந்துடும்."

அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, நாள்காட்டியில் இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துக்கொண்டான். வியாதியின் பெயரைக் கேட்டபோது வாடாத முகம் அந்தத் தேதியைப் பார்த்தபோது வாடியது.

மாத்திரை விழுங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் விதி. அந்த ஆள் தினமும் ஒரு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி யோசிக்கவே இல்லை. "எங்க அக்கா பாத்தா போதும் டாக்டர். எமன் வந்தாகூட அவகிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் உள்ள வரணும்" என்றான்.

அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு என் சமையலறைக்கு வருவான். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, நான் எதிரே நிற்பேன். நாலு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு வாயைத் திறக்க வேண்டும். நாக்கைத் தூக்கு. இடது கன்னம். வலது கன்னம். சரி, போ. ஒரு சட்டையை எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன்.

வியாதி வந்ததற்காக அவன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளவில்லை. முதல் இரண்டு வாரம் வீட்டில் இருந்தான். பிறகு பண்ணையின் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து ஒட்டுக் கட்ட முதலாளி ஒத்துக்கொண்டார். யார் கேட்டாலும், "டிபி. பெரிய வியாதி. மருந்து ஓடிட்டு இருக்கு" என்று பதவி உயர்வு கிடைத்த மாதிரி சொல்வான். பஸ்ஸில் சொன்னால் பக்கத்து சீட்டும் சேர்த்துக் கிடைக்கிறது என்பான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிரிப்பு கொஞ்சம் குறையும். மாமியார் வீட்டுச் சந்தில், மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பான். உள்ளே மாமியார் குழந்தையைத் தூக்கிக் காட்டுவார். முதல் வாரம் தூங்கிய குழந்தை, ஐந்தாம் வாரம் கண்ணை அகல விரித்துப் பார்த்தது. அவன் ஜன்னல் கம்பியைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழுசாக ஒரு மணி நேரம் அவளிடம் பேசுவான். எல்லாம் செடிக் கதை. எலுமிச்சை துளிர்த்துவிட்டது, கொய்யாவுக்கு மாவுப்பூச்சி, இந்த மாதிரி. மனைவி பக்கத்தில் நின்று சிரிப்பாள். இன்னும் இத்தனை வாரம் என்று விரல் விட்டுக் காட்டுவான். ஒவ்வொரு வாரமும் ஒரு விரல் குறையும்.

இரண்டு மாதம் முடிந்தது. தம்பி முதல் நாளே முடி வெட்டிக்கொண்டு வந்தான். சளி கொடுத்தோம், எடை பார்த்தோம். நாற்பத்தேழு கிலோவில் ஆரம்பித்தவன் நாற்பத்தைந்தில் நின்றான். சளியில் கிருமி அப்படியே இருந்தது.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். அறுபது நாளும் என் கையெழுத்து. பிறகு என்னைப் பார்த்தார்.

"நெஜமாவே முழுங்குறாராம்மா?"

எனக்கு வந்ததே கோபம். நான் ஒட்டாமல் விட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் யாரையாவது.

"டாக்டர், நாக்குக்கு அடியில பாத்தேன். கன்னத்துல பாத்தேன். அதுவும் போதாதுன்னா, இவன் ஒண்ணுக்குப் போற கலரப் பாருங்க. ஆரஞ்சு ஜூஸ் தோத்துடும். மாத்திரை உள்ள போகாமயா அந்தக் கலர் வருது?"

டாக்டர் சிரித்துவிட்டார். "சரிம்மா, நம்புறேன்" என்றார். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று பார்க்கச் சளியை வேறு பரிசோதனைக்கு அனுப்பினார். இதே மருந்து இன்னும் ஒரு மாதம். குழந்தையை எப்போது தூக்கலாம் என்று அவர் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை.

அப்போதுதான் டாக்டர் அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத் தாளாக இருந்தது. நகத்தைப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்த அளவு ஆறரை. ஆம்பளைக்குக் குறைந்தது பதிமூன்று இருக்க வேண்டுமாம்.

"பண்ணையில செருப்பு போட்டுட்டா வேலை பாக்குறீங்க?"

"மண்ணுல யாராவது செருப்பு போடுவாங்களா டாக்டர்? வழுக்கும்."

"கால் விரலுக்கு நடுவுல அரிப்பு வருமா?"

"அது எல்லாருக்கும் வரும். மழை பெஞ்சா கூட வரும்."

"அங்க கக்கூஸ் இருக்கா?"

தம்பி ஒரு நொடி தாமதித்தான். "இருக்கு" என்றான். அந்த ஒரு நொடியை நான் பிடித்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து பச்சை மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். "நாளைக்குக் காலைல மலம் கொண்டு வாங்க. வயித்துல புழு இருக்கான்னு பாக்கணும்."

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. சளி டப்பாவை வெற்றிக் கோப்பை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தவன், இந்த டப்பாவைச் சட்டைக்குள் ஒளித்தான்.

பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்தான். "அக்கா, இத எப்படிக் கையில எடுத்துட்டு வர்றது?"

"சளிய எப்படி எடுத்துட்டு வந்தியோ, அப்படித்தான்."

"அது வேற. அது வியாதி. புழு சின்னப் பசங்களுக்கு வர்றது. மூக்கு ஒழுக நிக்குமே, அதுங்களுக்கு. நான் ஒரு புள்ளைக்கு அப்பன்."

"அந்தப் புள்ளயத் தூக்கணும்னா டப்பா வந்தாகணும். வாயை மூடு."

பஸ் வந்தது, ஏறினோம். இறங்கி நடக்கும்போது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "புள்ளைக்கு இப்ப கழுத்து நிக்குதாம் அக்கா. நேத்து சொன்னா." அதற்கும் சேர்த்து அவனை ஒரு திட்டு திட்டினேன்.

மறுநாள் அவனே போய் லேபில் டப்பாவைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்துவிட்டான் என்று நான் நிம்மதியாகச் சட்டை பார்த்தேன். மத்தியானம் லேபில் பரிசோதனை செய்கிற அம்மாவிடமிருந்து போன்.

"தம்பியக் கூட்டிட்டு உடனே வாங்க. டாக்டர் காத்துட்டு இருக்காங்க."

அரைநாள் லீவு சொல்லி, பண்ணையிலிருந்து அவனை இழுத்துக்கொண்டு போனேன். லேப் அம்மா வாசலிலேயே நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் ஜொலித்தன.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ நான் பாத்ததில்லைங்க" என்றார். பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி அப்படி ஒரு பூரிப்பு.

உள்ளே டாக்டர் தடிமனான ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு தடவை புத்தகத்தையும் ஒரு தடவை நுண்ணோக்கியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு ரெண்டு இல்ல" என்று லேப் அம்மா என்னிடம் கிசுகிசுத்தார். "ஏழு விதம் எண்ணிட்டேன். சுவத்துல மாட்டியிருக்கிற படத்துல இதுல ஒண்ணுகூட இல்ல. அதுல ஒண்ணுக்கு எட்டுக் கால். நடக்குது."

டாக்டர் நிமிர்ந்தார். தம்பியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இந்த மனிதர் எப்படி நடமாடுகிறார் என்ற வியப்பு அந்தப் பார்வையில் இருந்தது.

"நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

"சோறு, டாக்டர்."

"வேர், இலை, அப்படி ஏதாவது பச்சையா மெல்லுற பழக்கம்?"

தம்பி திருதிருவென்று விழித்தான். அவன் விழித்த விதம் எனக்குப் பிடிபடவில்லை. பயந்த விழி இல்லை. மாட்டிக்கொண்ட விழி.

"அந்த டப்பாவக் காட்டுங்க" என்றேன்.

லேப் அம்மா பச்சை மூடியைத் திறந்தார். நான் வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். கறுப்பாக, ஈரமாக, உதிரி உதிரியாக இருந்தது. அதில் அங்கங்கே மைக்கா மாதிரி ஏதோ பொடி மினுக்கியது. மனைவி ஊரில் இல்லாததால் அவன் துணியை நான்தான் துவைக்கிறேன். ஒவ்வொரு சட்டைப் பையிலிருந்தும் அதே மினுக்குப் பொடியைத்தான் தினமும் உதறிக் கொட்டுகிறேன். செடிப் பையில் மண்ணோடு கலக்கிற சரக்கு.

"டாக்டர், புத்தகத்த மூடுங்க" என்றேன். "இது இவன் வயித்துலேருந்து வந்ததில்ல. பண்ணை உரம்."

லேப் அம்மா டப்பாவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மெல்ல முகர்ந்தார்.

"நானும் நெனச்சேன், வாடையே இல்லையேன்னு. சுத்தபத்தமான ஆளு போலன்னு விட்டுட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

தம்பி அசடு வழிந்தான். வழிந்துகொண்டே அவன் சொன்ன விளக்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பதா, அவனைச் சாத்துவதா என்று தெரிவதில்லை.

"அது தொழுவுரம் டாக்டர். ரெண்டு வருஷம் மக்குனது. அதுவும் ஒரு காலத்துல... அதுதானே. மாட்டோடதா இருந்தா என்ன, புழு இருக்குதா இல்லையான்னுதான பாக்கப் போறீங்க, நல்ல உரத்துல புழு இருக்காதுன்னு நெனச்சேன். பாக்க மரியாதையா இருக்கட்டும்னு ரெண்டு தடவை சலிச்சேன்."

மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் ஜீவன் நெளிகிறது என்பது, காலையிலிருந்து மாலைவரை அதில் கை வைத்திருப்பவனுக்குத் தெரியவில்லை. லேப் அம்மாவுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. இருந்தாலும், "வீட்டு மாடியில ரோஜாத் தொட்டி வெச்சிருக்கேன், இந்த உரம் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவை மூடினார். தம்பி உடனே, "எவ்வளவு வேணும் மேடம்?" என்றான். வெட்கம் அவ்வளவுதான் அவனுக்கு.

டாக்டர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அடுத்துக் கேட்டது சிரிப்பில்லை. "புள்ளைக்கு இப்ப எத்தனை மாசம்?"

"ரெண்டரை, டாக்டர்."

"அவளத் தூக்கணும்னு ஆசையா இருக்கா இல்லையா?"

அவன் தலை கவிழ்ந்தது. பிறகு தரையைப் பார்த்தபடியே உண்மையைக் கக்கினான். பண்ணையில் கக்கூஸ் இருக்கிறது, ஆனால் அதற்குள் தரையிலிருந்து கூரைவரை பிளாஸ்டிக் தொட்டி அடுக்கியிருக்கிறது. பத்தொன்பது பேரும் நாற்று வரிசைக்குப் பின்னால்தான் ஒதுங்குகிறார்கள். அந்த மண்ணையேதான் வெறுங்காலோடு மிதித்து, வாரி, பையில் நிரப்புகிறார்கள். பல வருஷமாக.

"அங்க விழுற முட்டை மண்ணுல பொரிச்சு, உங்க உள்ளங்கால் வழியா உள்ள போகுது. அந்த அரிப்பு அதுதான்" என்றார் டாக்டர். அவர் இன்னொரு பச்சை மூடி டப்பாவை எடுத்து, அவனிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினார்.

ஆஸ்பத்திரிக் கக்கூஸ் வாசலில் காவல் நின்றேன். ஒரு டீயும் நாலு வாழைப்பழமும் உள்ளே போயிருந்தன. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"அக்கா, நீ அங்கயே நின்னா எப்படி வரும்? கொஞ்சம் தள்ளி நில்லு."

"நான் எங்கயும் போகல. நீ வேலையப் பாரு."

"ஜன்னல் வழியா மண்ணு எடுக்க முடியாதுக்கா. மூணாவது மாடி."

போகிற வருகிறவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் என் மானம் கப்பலேறியது. போகட்டும். கடைசியில் டப்பா வந்தது. இந்தத் தடவை வாடைக்குக் குறைவில்லை.

"சாதாரண கொக்கிப்புழுதான்" என்றார் லேப் அம்மா, உப்புச்சப்பில்லாத குரலில். "ஆனா ஏகப்பட்டது."

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மேலே நுரையீரலில் ஒரு குடித்தனம், கீழே குடலில் ஒரு குடித்தனம். கீழே இருக்கிறவன் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறான். தின்கிற சோறு உடம்பில் ஒட்டுவதில்லை. நோயோடு சண்டை போட உடம்புக்கு இருக்கிற பலமும் இரண்டு பக்கம் இழுபடுகிறது. "புழுதான் எல்லாத்துக்கும் காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டும் ஒண்ணா இருக்கிற உடம்பு திணறும். அதைக் காலி பண்ணுவோம், அப்புறம் பாப்போம்" என்றார்.

அதைக் காலி செய்ய ஒரே ஒரு மாத்திரை. மென்று சாப்பிடுவது. தினமும் நாலு மாத்திரையை வாய்க்குள் தேடிப் பார்த்த நான், இந்த ஒன்றுக்கும் நாக்கைத் தூக்கச் சொன்னேன். கூடவே ரத்தம் ஊற மாத்திரை. இரண்டு வாரம் கழித்து, அவன் காசநோய் மருந்துக்குக் கட்டுப்படுகிற ரகம்தான் என்றும் சீட்டு வந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை.

அடுத்த விடுமுறையில் பண்ணைக்குப் போனேன். முதலாளி, என்ன செடி வேண்டும் என்று கேட்டார். நேராகக் கக்கூஸுக்குப் போய், கதவை மூட முடியாதபடி அடுக்கியிருந்த தொட்டிகளைப் பார்த்து, கைப்பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துக் கதவில் ஒட்டினேன்.

"என்னம்மா இது?"

"ரிஜெக்ட்" என்றேன். "கக்கூஸுக்குள்ள கக்கூஸ் இல்ல."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் மெல்ல டாக்டரின் கடிதத்தை நீட்டியதும் அடங்கினார். வேலையாட்கள் நிழல் வலைக்கு அடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து எல்லோருக்கும் பச்சை மூடி டப்பா கொடுத்தார்கள். "யாரும் சலிக்கக் கூடாது" என்று லேப் அம்மா முன்கூட்டியே எச்சரித்தார். பத்தொன்பது பேரில் பதினாலு பேருக்குப் புழு. காவல்காரர் இருமிக்கொண்டே இருந்தார் என்று அவருக்குச் சளியும் பார்த்தார்கள். அவர் உடம்பிலும் அதே இரண்டு குடித்தனம். 'பசை' அண்ணன் புண்ணியத்தில் தெரிந்தது என்று அவர் தம்பியைக் கும்பிட, இவன் அடுத்த நாளே பழைய பெருமைக்குத் திரும்பிவிட்டான். தொட்டிகள் வெளியே வந்தன. எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வந்தது. வழுக்குகிறது என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் மாதக் கடைசியில் தம்பி நாற்பத்தெட்டு கிலோ. இமையைப் புரட்டினால் இளஞ்சிவப்பு. சளியில் கிருமி இல்லை. ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று எழுந்தவனை டாக்டர் உட்கார வைத்தார். அடுத்த மாதமும் இல்லை என்று வர வேண்டும், புள்ளை விஷயம், அவசரப்படாதீர்கள் என்றார். அந்த முப்பது நாளும் அவன் என் சமையலறைக்கு ஆறு மணிக்கு வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு வந்தான்.

நாலாம் மாதச் சீட்டை அவன் வாங்க மாட்டேன் என்றான். "நீ பாரு. குறை இருந்தா நீதான் கண்டுபிடிப்ப." வாங்கிப் பார்த்தேன். நாலு வரி. மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தேன். பெயர் சரி. தேதி சரி. கிருமி இல்லை. "பாஸ்" என்றேன். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போகலாம் என்றேன். கேட்கவில்லை. அப்படியே பஸ் ஏறினோம். மாமியார் கதவருகே நின்று, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, சீட்டை இரண்டு தடவை படித்தார். என் ஜாதி. பிறகு கதவை முழுசாகத் திறந்தார்.

"உள்ள வாங்க மாப்ள."

முற்றத்துக் குழாயில் அவன் கை கழுவினான். சோப்பு போட்டு மூன்று தடவை. முழங்கை வரைக்கும். மனைவி துண்டு நீட்டினாள். மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்தாவது மாதம் நடக்கிறது, கொழுகொழுவென்று இருந்தாள். தம்பி அவள் முன்னால் போய் நின்று, முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தான்.

குழந்தை அவனைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீடே அதிர ஒரு அழுகை.

எங்கள் யாருக்கும் இது தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் பார்த்தது மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண் மட்டும்தான். அவளுடைய அப்பாவுக்கு மூக்கும் கிடையாது, வாயும் கிடையாது. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற இந்த ஆள் யாரோ. தம்பி நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். மாமியார், "பழகிடும் மாப்ள, பழகிடும்" என்றார். மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

தம்பி பாக்கெட்டிலிருந்து மாஸ்க்கை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான். "எலுமிச்சை காச்சிருச்சு" என்றான் அவளிடம். "முந்தா நாள்தான் பாத்தேன். ஒண்ணே ஒண்ணு. சின்னதா."

அழுகை நின்றது. ஒரு விக்கல். குரலைக் கேட்டாள், கண்ணைப் பார்த்தாள். பொக்கை வாய் விரிந்தது. இரண்டு கையையும் அவன் பக்கம் வீசினாள்.

மாமியார் கொடுத்தார். அவன் வாங்கினான். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், ஒரு கை கழுத்துக்கு அடியிலும் ஒரு கை இடுப்புக்கு அடியிலுமாக, மூச்சு விடாமல் நின்றான். "கனமா இருக்காளே" என்றான்.

குழந்தை சும்மா இருக்கவில்லை. கைக்கு எட்டியதைப் பிடித்தாள். மாஸ்க்கின் விளிம்பு. பிடித்து இழுத்தாள். அது தாடைக்குக் கீழே இறங்கியது. போச்சு, மறுபடி கத்தப்போகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை. ஒரு சாண் தூரத்தில் அந்த முகத்தைப் பார்த்தாள். மூக்கு. மீசை. நடுங்கிக்கொண்டிருந்த உதடு. சாவகாசமாகப் பார்த்துவிட்டு, நாலு விரலையும் அவன் வாய்க்குள் விட்டாள்.

அந்த வாயைப் பார்த்துத்தான் பஸ்ஸே ஒதுங்கியது. அவன் வாயை மூடவில்லை, பேசவும் முடியவில்லை. கண்ணீர் மட்டும் அவள் மணிக்கட்டில் சொட்டியது. நூற்றிருபது நாள் அந்த வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை முகத்தைத் திருப்பித்தான் நான் பார்த்தேன். ஒரு நாளும் அவன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.